கோப்பை எங்கே வைப்பது?

தேநீர்க் கோப்பை அல்ல மக்களே, கணினிக் கோப்பு. அதாவது ஃபைல். 'சேவ்' அமுக்கினால் அது போகிற இடத்துக்குப் போகிறது, இதில் என்ன பெரிய ஆராய்ச்சி என்று கேட்பவர்கள், ஒரு நாள் சாயங்காலம் கோரிப்பாளையத்தில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் அரை மணி நேரம் நின்று பார்க்கலாம். நாளைக்குப் புராஜெக்ட் வைக்கக் கடைசி நாள் என்று ஓடி வரும் கூட்டத்தில் யாராவது ஒருவர் பென் டிரைவைச் செருகிவிட்டு முழித்துக்கொண்டு நிற்பார். உள்ளே இருப்பது ஷார்ட்கட். இரண்டு கேபி. நாற்பது பக்கப் புராஜெக்ட் வீட்டுக் கணினியிலேயே பத்திரமாக இருக்கிறது. டெஸ்க்டாப்பில் இருந்ததைத்தான் அவர் காப்பி செய்தார். ஆனால் டெஸ்க்டாப்பில் இருந்தது ஃபைல் இல்லை, ஃபைலுக்குப் போகும் கைகாட்டி மரம்!

அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. ஃபைல் எங்கே இருக்கிறது என்று அவருக்கு யாருமே சொன்னதில்லை. மென்பொருளும் சொன்னதில்லை. வேலை செய்பவரின் கோப்புகளை ஒரு மென்பொருள் எங்கே வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றும் மூன்று பதில்கள் வைத்திருக்கின்றன. மூன்றையும் மதிக்காமல் தன் இஷ்டத்துக்கு வைக்கிற மென்பொருட்களும் உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று பி.காம்காரர்கள் இதை ஒதுக்கிவிட முடியாது. இதில் அதிகமாக அடிபடுவது கணக்கு எழுதுகிற ஆட்கள்தான்.

மதுரையில் எந்தப் பழைய மளிகை மொத்தக் கடைக்குப் போனாலும் பெட்டியடி என்று ஒரு இடம் இருக்கும். முதலாளி உட்காரும் இடம். பேரேடு அங்கேதான் இருக்கும். சாக்கு தைக்கிற ஊசி, சணல், மூட்டை தூக்கும் கொக்கி எல்லாம் உள்ளே எங்கேயோ கிடக்கும். அவை எங்கே கிடக்கின்றன என்று முதலாளிக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். ஆனால் பேரேடு எங்கே என்று அவருக்குத் தெரியாத நாள் கிடையாது.

கணினிக்குள்ளும் இதே இரண்டு வகைதான். உட்கார்ந்து உழைத்து உண்டாக்கிய கோப்பு ஒரு வகை. மென்பொருள் தன் சௌகரியத்துக்கு வைத்துக்கொள்ளும் தட்டுமுட்டுச் சாமான்கள் இன்னொரு வகை: செட்டிங்ஸ், கேஷ், லாக் இத்யாதி. முதல் வகை பெட்டியடியில் இருக்க வேண்டும். இரண்டாவது வகை கண்ணில் படாமல் உள்ளே கிடக்கலாம். எல்லாக் கூத்தும் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைப்பதில்தான் ஆரம்பிக்கிறது.

டாஸ் காலத்திலும் விண்டோஸ் 95, 98 காலத்திலும் மென்பொருட்கள் கட்டித்தான் வைத்தன. தான் குடியிருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே எல்லாவற்றையும் வைத்துக்கொண்டன. அன்றைய ஃபேட் கோப்பு முறையில் யாருடைய ஃபைல், யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்ற பேச்சே கிடையாது. 1986-ல் பெங்களூரில் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் டேலிதான் இந்தியக் கடைக்கணக்கின் அடையாளம். அதுவும் அந்தக் காலப் பிள்ளைதான். சி டிரைவில் டேலி என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் டேட்டா என்று ஒன்று, அதற்குள் 10000, 10001 என்று கம்பெனிக்கு ஒரு எண். உங்கள் கடையின் மொத்த வரவு செலவும் '10000' என்ற பெயரில் உட்கார்ந்திருக்கும். கடைப் பெயர் எங்கும் இருக்காது.

நியாயமாகச் சொன்னால் இதில் ஒரு சௌகரியமும் இருந்தது. டேலி ஃபோல்டரை அப்படியே தூக்கிப் பென் டிரைவில் போட்டால் பேக்கப் முடிந்தது. வேறு கணினியில் கொண்டுபோய் ஒட்டினால் கணக்கு திறக்கும். ஆடிட்டர் ஆபீசுக்குப் போகும் கணக்கப்பிள்ளைகள் பலருக்கு இந்த ஒரு வித்தை போதுமானதாக இருந்தது.

ஆபத்து, கணினி மெதுவாகிப்போகும் நாளில் வரும். சர்வீஸ் கடையில் நடக்கும் பேச்சு எந்த ஏரியாவிலும் ஒரே மாதிரிதான்.

"தம்பி, விண்டோஸ் போயிருச்சு. ஃபார்மட் போட்ரவா?"

"போடுங்கண்ணே."

"சி டிரைவ்ல எதுவும் வேணுமா?"

"மை டாக்குமென்ட்ஸ்ல இருக்குறத மட்டும் எடுத்து வச்சிருங்கண்ணே."

முடிந்தது கதை. மை டாக்குமென்ட்ஸில் இருந்த கல்யாண ஃபோட்டோக்கள் பிழைத்துக்கொள்ளும். சி டிரைவின் வேரில் தனியாக உட்கார்ந்திருந்த டேலி, ஏப்ரல் 1 முதல் எழுதிய கணக்கோடு போய்ச் சேரும். அண்ணன் மீது தப்பு இல்லை, கேட்டுத்தான் செய்தார். தம்பி மீதும் தப்பு இல்லை, தன் உழைப்பெல்லாம் மை டாக்குமென்ட்ஸில் இருக்கும் என்று நம்பினார். நம்ம ஊரில் "எதுவா இருந்தாலும் டி டிரைவ்ல போடு" என்று ஒரு சம்பிரதாயம் உருவானது இப்படித்தான். எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத விதி, பட்டுத் தெரிந்துகொண்டது. இயங்குதளம் வேறு, உழைப்பு வேறு என்று பிரித்து வைக்கச் சொல்லும் விதி அது. லினக்ஸ்காரர்கள் ஹோமைத் தனிப் பார்ட்டிஷனில் வைப்பதற்கும் இதே காரணம்தான்.

மைக்ரோசாஃப்ட்டுக்கும் இது புரியாமல் இல்லை. 2001-ல் வந்த எக்ஸ்பியில் ஆளுக்கொரு இடம் இருந்தது, 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்று நீளமான பெயரில். ஆனால் வீட்டுக் கணினிகளில் எல்லோருமே அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்ததால் மென்பொருட்கள் பழைய பழக்கத்தை விடவில்லை. 2007-ல் கடைக்கு வந்த விஸ்டாதான் கதவைச் சாத்தியது. புரோகிராம் ஃபைல்ஸுக்குள் சாதாரணமாக எதையும் எழுத முடியாது, அனுமதி வேண்டும். எழுத வேண்டியதை யூசர்ஸ் ஃபோல்டரில் அவரவர் பெயரில் எழுது. உழைப்பு டாக்குமென்ட்ஸில், தட்டுமுட்டுச் சாமான் மறைந்திருக்கும் ஆப்டேட்டாவில். அருமையான ஏற்பாடு. ஆனால் அன்று ஓடிக்கொண்டிருந்த பழைய மென்பொருட்கள் எல்லாம் ஒரே நாளில் படுத்துவிடுமே? அதற்காக மைக்ரோசாஃப்ட் ஒரு தந்திரம் செய்தது. இந்தத் தந்திரம் ஒரு கடையையே குழப்பியது.

கோரிப்பாளையத்தில் படித்துக்கொண்டு, கல்லூரி விட்டதும் ஏ.வி. பாலத்தைத் தாண்டிக் கீழமாசி வீதிப் பக்கம் ஒரு மளிகை மொத்தக் கடையில் பகுதி நேரமாகக் கணக்கு எழுதிய ஒரு பையன். காலையில் வேறொரு கணக்கர், சாயங்காலம் இவன். ஒரே கணினி. கடைக்காரர் ஒழுங்கான மனிதர், இரண்டு பேருக்கும் தனித்தனி விண்டோஸ் லாகின் போட்டுக் கொடுத்திருந்தார். மென்பொருள், எப்போதோ யாரோ எழுதிக் கொடுத்த ஒரு பழைய பில்லிங் மென்பொருள். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருந்துகொண்டு அங்கேயே டேட்டாவையும் எழுதும் ரகம். மாத முடிவில் கூட்டிப் பார்த்தால் காலையில் போட்ட பில் எதுவும் சாயங்காலத் திரையில் இல்லை. சாயங்காலப் பில் காலைத் திரையில் இல்லை. ஜிஎஸ்டிஆர்-1 போட 11-ஆம் தேதி கடைசி. கல்லாவில் இருக்கும் பணத்துக்கும் கணினி சொல்லும் விற்பனைக்கும் ஒட்டவே இல்லை.

இப்படி ஒரு கடையில் நடந்தால் முதலில் சந்தேகம் விழுவது ஆள் மீதுதான். மென்பொருள் மீது விழாது. அண்ணாச்சி வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. "ஏந்தம்பி, எழுதுன கணக்கு எங்கதான் போகுது?" என்று மட்டும் கேட்டார். காலைக் கணக்கர் ஐம்பது வயதைத் தாண்டியவர், இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

நடந்தது இதுதான். பழைய மென்பொருள் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுதப் பார்க்கும்போது விண்டோஸ் "முடியாது" என்று சொல்லவில்லை. "சரி, எழுதிட்டேன்" என்று தலையாட்டிவிட்டு, எழுதியதை அந்த லாகின்காரரின் ஆப்டேட்டா, லோக்கல், வெர்ச்சுவல்ஸ்டோர் என்று மூன்று படி உள்ளே ஒளித்து வைக்கிறது. அடுத்த முறை அதே ஆள் திறந்தால் அங்கிருந்து எடுத்துக் காட்டுகிறது. வேறு ஆள் திறந்தால் அவருக்கு அவருடைய பிரதி. ஆக ஒரு கடைக்கு இரண்டு கணக்கு! காலைக் கணக்கு ஒரு பெட்டியில், சாயங்காலக் கணக்கு இன்னொரு பெட்டியில். இரண்டும் முழுசாக இருந்தன, ஒரு பில் கூடத் தொலையவில்லை. ஆனால் கண்டுபிடிக்கிற வரைக்கும் இரண்டு மனிதர்கள் திருடர்கள் மாதிரி நடமாட வேண்டியிருந்தது. கண்டுபிடித்தபின் இரண்டையும் சேர்க்க வழியில்லாமல், ஒரு லாகினில் இருந்த பில்களை இன்னொன்றில் கையால் திரும்பத் தட்டினார்கள். இரண்டு ராத்திரி ஆனது.

மைக்ரோசாஃப்ட் செய்தது தப்பா என்றால், பழைய மென்பொருளைச் சாகவிடாமல் காப்பாற்ற அது ஒரு ஒட்டுப்போட்ட வேலை. ஆனால் "எழுதிட்டேன்" என்று சொல்லிவிட்டு எங்கே என்று சொல்லாமல் விட்டது பெரிய தப்பு. பிழைச் செய்தி வந்திருந்தால் முதல் நாளே யாரையாவது கூப்பிட்டுக் காட்டியிருப்பார்கள்.

டேலி பிற்பாடு திருந்திக்கொண்டது. 2020-ல் வந்த டேலிபிரைம், மென்பொருளைப் புரோகிராம் ஃபைல்ஸில் வைக்கிறது. கணக்கை யூசர்ஸ் ஃபோல்டருக்குள் பப்ளிக் என்ற பொது இடத்தில், டேலிபிரைம், டேட்டா என்று தனியாக வைக்கிறது. எதற்குப் பப்ளிக்? ஏன் டாக்குமென்ட்ஸில் வைக்கவில்லை? யோசித்தால் இதுதான் சரி. டாக்குமென்ட்ஸ் ஒரு ஆளுடையது. கணக்கு ஆளுடையது இல்லை, கடையுடையது. காலையில் வருபவரும் சாயங்காலம் வருபவரும் ஒரே பேரேட்டைத் திறக்க வேண்டும். 'யூசர் ஃபைல்' என்று எல்லா வழிகாட்டிகளும் பொதுவாகச் சொல்லிவிடுகின்றன. அந்த யூசர் ஒரு தனி மனிதரா, ஒரு ஸ்தாபனமா என்ற கேள்வியை அவற்றில் பெரும்பாலானவை கேட்பதில்லை. பி.காம் முதல் வருடத்திலேயே சொல்லித் தருகிறார்கள்: முதலாளி வேறு, தொழில் வேறு. தனி அமைப்புக் கருத்து! மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் அந்த ஒரு வகுப்பை எடுக்கலாம்.

குறை ஒன்று பாக்கி இருக்கிறது. பப்ளிக் என்பதும் சி டிரைவில்தான். ஃபார்மட் வந்தால் அதுவும் போகும். பாதையை மாற்றி டி டிரைவுக்குக் கொண்டுபோக டேலியிலேயே வசதி உண்டு, டேலி.ஐஎன்ஐ என்ற ஃபைலில் 'டேட்டா' என்று தொடங்கும் வரியில் அந்தப் பாதை எழுதியிருக்கும். சட்டமும் சும்மா விடாது. ஜிஎஸ்டியில் பதிந்தவர் கணக்கை, ஆண்டு ரிட்டர்ன் போட வேண்டிய கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனிகளுக்கு 8 நிதியாண்டு. கம்பெனி கணக்கு மின்னணு வடிவில் இருந்தால் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் பேக்கப் வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதியைத் திருத்தினார்கள், அதற்கு முன் 'அவ்வப்போது' என்றுதான் இருந்தது. சரி, தினமும் பேக்கப் எடுக்க முதலில் எது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டாமா?

லினக்ஸ் பக்கம் வருவோம். இதைப் படிக்கிற பலருடைய அண்ணன் அக்காக்கள் விலையில்லா மடிக்கணினி வாங்கியவர்களாக இருப்பார்கள். 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு தொடங்கிய திட்டம். அதில் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸும் இருந்தது, சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. போட்டவுடன் எது வேண்டும் என்று கேட்கும். ஒரே பெட்டிக்குள் இரண்டு வீடு. கூத்து என்னவென்றால், பாஸில் உட்கார்ந்து டைப் அடித்து டாக்குமென்ட்ஸில் சேவ் செய்தால், விண்டோஸுக்குப் போனதும் டாக்குமென்ட்ஸ் காலி! இரண்டு வீட்டிலும் டாக்குமென்ட்ஸ் என்று ஒரு அறை இருக்கிறது, ஆனால் அது ஒரே அறை இல்லை. லினக்ஸின் எக்ஸ்ட் கோப்பு முறையை விண்டோஸ் தானாகப் படிக்காது. லினக்ஸ் விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும். ஆக, வழி ஒரு பக்கம்தான் திறந்திருக்கிறது. பாஸில் எழுதியது தொலைந்துபோனது என்று நினைத்து அந்தப் பக்கமே போகாமல் விட்டவர்கள் உண்டு. ஒரு இயங்குதளத்தை இலவசமாகக் கொடுத்தவர்கள், எந்த டிரைவில் சேவ் செய்தால் இரண்டு பக்கமும் தெரியும் என்று ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்திருக்கலாம். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று இன்னொரு தலைவலியும் சேர்ந்தது. ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், அப்போது அதன் டிரைவில் எழுத லினக்ஸ் மறுத்துவிடும்.

மற்றபடி லினக்ஸில் ஏற்பாடு தெளிவு. ஹோம் என்பது உங்களுடையது. அதில் புள்ளியில் தொடங்கும் பெயர்கள் மறைந்திருக்கும். இந்தப் புள்ளி வழக்கமே யூனிக்ஸில் தற்செயலாக வந்தது என்று ராப் பைக் 2012-ல் எழுதினார். புள்ளி, இரட்டைப் புள்ளி என்ற இரண்டு பெயர்களைப் பட்டியலில் காட்டாமலிருக்கப் போட்ட குறுக்குவழி, புள்ளியில் தொடங்கும் எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. விளைவு, ஆளாளுக்கு ஹோமில் ஒரு புள்ளி ஃபோல்டரைப் போட்டுக் குப்பையாக்கினார்கள். 2003-ல் எக்ஸ்டிஜி என்ற வரையறை வந்து, செட்டிங்ஸ் கான்ஃபிகில், டேட்டா லோக்கல் ஷேரில், கேஷ் தனியாக என்று பிரித்தது. கேஷைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம், மற்றதை அழிக்கக்கூடாது என்பதுதான் அந்தப் பிரிவினையின் லாபம். மேக்கில் டாக்குமென்ட்ஸும் லைப்ரரியும். 2011 முதல் லைப்ரரியைக் கண்ணில் படாமல் மறைத்து வைக்கிறார்கள். கோரிப்பாளையத்தில் மேக் வைத்திருப்பவர் இதைத் தானே பார்த்துக்கொள்வார், விடுங்கள்.

மூன்றையும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிற மென்பொருளுக்கு லிப்ரெஆபீஸ் நல்ல உதாரணம். விண்டோஸில் ஆப்டேட்டா, லினக்ஸில் கான்ஃபிக், மேக்கில் லைப்ரரி என்று ஊருக்கு ஏற்ற மாதிரி தன் சாமான்களை வைக்கும். நீங்கள் எழுதியதை டாக்குமென்ட்ஸில் கொடுக்கும். ஆனால் அதிலும் ஒரு நெருடல். ஸ்பெல்லிங் பார்க்கும்போது 'இந்த வார்த்தையைச் சேர்' என்று சொல்லிச் சொல்லி நாலு வருடமாக ஒருவர் சேர்த்த தமிழ்ச் சொற்கள் எங்கே போகின்றன? அந்த மறைவான ஃபோல்டருக்குள். எம்எஸ் வேர்டும் அப்படித்தான். செட்டிங்ஸா, உழைப்பா? நார்மல் டெம்ப்ளேட்டில் கல்லூரி லெட்டர்ஹெட் மாதிரி வடிவமைத்து வைத்தவருக்கு அது உழைப்பு. தொலைந்தால் வயிறு எரியுமா என்று கேட்டால் எந்த வகை என்று தெரிந்துவிடும். வயிறு எரியும் என்றால் அது மறைவிடத்தில் இருக்கக்கூடாது.

தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் லாகினுக்குத் தமிழில் பெயர் கொடுத்தால், யூசர்ஸுக்குள் உங்கள் ஃபோல்டரும் தமிழிலேயே உருவாகலாம். யூனிகோட் தெரியாத பழைய மென்பொருள் அந்தப் பாதையைப் படிக்கும்போது வெறும் கேள்விக்குறிகளாகத்தான் பார்க்கும். தமிழுக்கு விண்டோஸில் பழைய பாணிக் கோட்பேஜ் கிடையாது, யூனிகோட் மட்டும்தான். ஃபோல்டர் திறக்கவில்லை என்று சொல்லி நின்றுவிடும். லினக்ஸில் வேறு கணக்கு: ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான். தமிழில் ஒரு குறிக்கு 3 பைட், 'மதுரை' என்பதற்கே 15 பைட். ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது முழுத் தலைப்பையும் எழுதுகிற புராஜெக்ட்காரர்கள் 85 குறியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கடைசியாக இப்போது வந்திருக்கும் குழப்பம். புதிய விண்டோஸ் 11 கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் ஒன்டிரைவுக்குள் போய் உட்கார்ந்துவிடுவது சகஜமாகிவிட்டது. இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. ஃபோட்டோவும் வீடியோவும் அதை நிரப்பியதும் புதிய ஃபைல்கள் மேலே ஏறாது. இருந்தாலும் "எல்லாம் கிளவுட்ல இருக்கு, தொலையாது" என்ற தைரியத்தில் பலர் டி டிரைவ் சம்பிரதாயத்தையே கைவிட்டுவிட்டார்கள். ஒன்டிரைவ் அப்படிப் பார்த்துக்கொள்வது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மாதிரி ஆளுக்குரிய ஃபோல்டர்களை மட்டும்தான். யூசர்ஸுக்குள் இருக்கும் பப்ளிக் அதில் சேராது. டேலி கணக்கு உட்கார்ந்திருப்பது அங்கேதான். பகுதி நேரமாகக் கணக்கு எழுதப் போகிறவர்கள் இன்றைக்குக் கடைக்குப் போனதும் டேலியில் கம்பெனி தேர்வு செய்யும் திரையில் என்ன பாதை தெரிகிறது என்று பாருங்கள். அண்ணாச்சியையும் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டுங்கள்.